டர்போ ஆறும் வரை

கார் அடுக்ககத்தின் கீழ்த்தள செல்லாருக்குள் வந்து தன் இடத்தில் நின்ற பிறகும் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். "டர்போ ஆறட்டும்" என்பான் பிரசன்னா. இறங்கக் கூடாது என்று அவன் சொன்னதில்லை. ஆனால் யாராவது இறங்கிக் கதவைச் சாத்தினால், பூஜை நடுவில் தும்மியவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான். அதனால் மனைவி ஹம்சாவும் மகள் சுபாஸ்ரீயும் உட்கார்ந்தே இருப்பார்கள். மடியில் இருக்கும் ஐஸ்கிரீம் டப்பா வியர்த்து உருகும். குழந்தை தூங்கி விழும். முதல் மாடியில் யாரோ ஜன்னலை அறைந்து சாத்தி, புகை வருகிறது என்று வாட்ச்மேனைத் தெலுங்கில் திட்டுவார்கள். பிரசன்னா ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, டயலைப் பார்த்தபடி, ஏதோ பெரிய பொறுப்பைச் சுமக்கிறவனின் முகத்தோடு இருப்பான்.

நெடுஞ்சாலையில் பறந்துவிட்டு வந்தால் டர்போவுக்கு அந்த ஓய்வு தேவைதான். இவன் வந்தது குக்கட்பள்ளி சூப்பர் மார்க்கெட்டிலிருந்து, மாட்டு வண்டி வேகத்தில். தக்காளி வாங்கிவந்ததற்கும் டர்போ ஆற வேண்டியிருந்தது.

ஹம்சா ஒன்றும் சொல்ல மாட்டாள். சொல்லத் தெரியாமல் அல்ல. அந்த மியாப்பூர் அடுக்ககத்திலேயே டர்போ என்ற பொருளைக் கழற்றிப் பார்த்து மறுபடியும் பூட்டியிருந்த ஒரே ஆள் அவள்தான்.

அவளுடைய குடும்பம் செகந்திராபாத்தில் நாலு தலைமுறையாக இருக்கிறது. வேலூர்ப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு வந்தவர்கள். அப்பா நாராயணசாமி ரயில்வேயில் குமாஸ்தா. ஹம்சா உஸ்மானியாவில் மெக்கானிக்கல் படித்தாள். அந்த வகுப்பில் பெண்கள் அதிகம் இல்லை. படிப்பு முடிந்ததும் சனத்நகர் தொழிற்பேட்டையில், லாரிகளுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் டர்போ பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். தொண்ணூற்றெட்டாம் வருடம் அது. டர்போ என்றால் ஒரே தண்டின் இரு முனைகளில் இரண்டு சின்னச் சக்கரங்கள். என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒன்றைச் சுழற்றும். அதோடு சேர்ந்து சுழலும் மற்றது, காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்தத் தண்டு உலோகத்தின் மேல் உட்கார்ந்திருப்பதில்லை. மெல்லிய ஆயில் படலத்தில் மிதக்கிறது. அந்த ஆயில் இரு பக்கமும் கசிந்துவிடாமல் காப்பது மோதிரம் போன்ற சிறு சீல்கள். ஹம்சாவின் வேலை, தண்டு சுழலும்போது ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது. அவளுக்கு அது பிடித்திருந்தது. பட்டறையில் தனியாகப் பெண்களுக்கான கழிப்பறை இல்லாததைத் தவிர மற்ற எல்லாமே பிடித்திருந்தது.

அப்போது ஊர் முழுக்க ஒரே பேச்சு. டிகிரி வைத்திருந்தவர்கள், வைக்காதவர்கள், வங்கி வேலையை விட்டவர்கள், கோழிப்பண்ணையை விற்றவர்கள் எல்லாரும் அமீர்பேட்டுக்குப் போனார்கள். அங்கே ஒவ்வொரு கட்டடத்திலும் நாலு இன்ஸ்டிடியூட். ஒவ்வொரு இன்ஸ்டிடியூட் வாசலிலும் ஒரு பேனர். பேனரில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவனின் பாஸ்போர்ட் படம். கம்ப்யூட்டர் முன்னால் முதல் முறை உட்காருகிறவனுக்கும் மூன்று மாதத்தில் இரண்டு வருட அனுபவம் இருக்கிற மாதிரி பயோடேட்டா செய்து கொடுத்தார்கள். ஹம்சாவின் அம்மா மங்களம் தினமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "எதிர் வீட்டு ஃபாத்திமா கூட கோர்ஸ் சேந்துட்டா. நீ கிரீஸ் கையோட வர்ற. உன்ன யாரு பாக்க வருவா?"

நாராயணசாமி மகளுக்காகப் பேசப் பார்த்தார். "பிடிச்சத செய்யட்டும், நக்கோ தொல்லை பண்ணாத" என்று அந்த ஊர் உருது கலந்து சொன்னார். ஆனால் அவர் பேச்சு அந்த வீட்டில் செல்லுபடியானதில்லை.

ஹம்சா அமீர்பேட்டுக்குப் போனாள். ஒரு பெரிய கம்பெனியில் சாஃப்ட்வேர் சோதிக்கும் வேலை கிடைத்தது. யாரோ எழுதிய புரோகிராமில் பொத்தானை அழுத்தினால் திறக்கிறதா, அழுத்தாவிட்டால் திறக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பது. முதல் நாளே அந்த வேலையை மனத்துக்குள் கேலி செய்தாள். பிறகு வருடக்கணக்கில் அதைச் செய்தாள். தான் கேலி செய்யும் ஒன்றைத் தினமும் ஒழுங்காகச் செய்துவிட்டு வீட்டுக்கு வரும் பழக்கம் அங்கேதான் அவளுக்குப் படிந்தது.

அந்த வேலைதான் மாப்பிள்ளையையும் கொண்டுவந்தது. பிரசன்னா கோயம்புத்தூர்க்காரன், மாதாப்பூரில் சாஃப்ட்வேர் பிராஜக்ட் மேனேஜர். பார்க்க வந்தபோது அமைதியாக இருந்தான். அமைதியானவன் என்று எல்லாரும் நினைத்தார்கள். தனக்குத் தெரிந்தது ஏதாவது பேச்சில் வரும்வரை அவன் காத்திருந்தான், அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பிறகு அவனுக்குத் தெரிந்தவை பெருகிக்கொண்டே போயின. ஆலிவ் எண்ணெய், மியூச்சுவல் ஃபண்டு, கேமரா லென்ஸ். ஒவ்வொன்றையும் இன்டர்நெட்டில் ஒரு வாரம் படிப்பான். அதன் பிறகு ஒரு வருடம் மற்றவர்களுக்குச் சொல்லித் தருவான்.

இரண்டாயிரத்து ஆறில் கார் வந்தது. ஐரோப்பியக் கம்பெனியின் கறுப்பு டர்போ டீசல். அதை ஓட்டத் தெரிந்தவன் கையில் கொடுத்திருந்தால் அது நல்ல வண்டி.

பிரசன்னாவுக்கு முன்பே அந்தக் கார் வாங்கியவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்திருந்தார்கள். டெக்கான் டர்போ பாய்ஸ் என்று பெயர். பாய்ஸ் என்றால் நாற்பதை நெருங்குகிற, தொப்பை போட்ட, தலா ஒரு வீட்டுக்கடன் கட்டும் மேனேஜர்கள். அவர்களுக்கு ஒரு வெப்சைட் இருந்தது. அங்கே ஒருவன் ஆயிலைப் பற்றிக் கேள்வி கேட்பான். இன்னொருவன் வேறு எங்கோ படித்ததைப் பதிலாக ஒட்டுவான். மூன்றாமவன் நன்றி சொல்வான். யாரும் என்ஜினைத் திறந்து பார்த்தவர்கள் இல்லை. பானெட்டைத் திறந்தாலும் தெரிவது ஒரு பிளாஸ்டிக் மூடி. அந்த மூடியை எல்லாரும் படம் எடுத்துப் போட்டார்கள்.

பிரசன்னா அங்கிருந்து விதிகளைக் கொண்டுவந்தான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நெடுநேரம் அப்படியே ஓடவிட வேண்டும். ஓட்டும்போது என்ஜின் சுற்றைக் காட்டும் முள் இரண்டாயிரத்தைத் தாண்டக் கூடாது. நிறுத்தும்போது மறுபடியும் நெடுநேரம் ஓடவிட வேண்டும். ஆயில் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தால் டர்போவுக்கு நல்லது. சர்வீஸ் சென்டரில் ஊற்றியது போதாதென்று வீட்டில் வைத்திருந்த டின்னிலிருந்து இவனும் ஊற்றுவான், அளவுக்குச்சியில் மேல்கோட்டைத் தாண்டும் வரை.

கார் வந்த இரண்டாவது வாரம், செல்லாரில் உட்கார்ந்திருந்தபோது ஹம்சா சொன்னாள். அப்போதெல்லாம் அவனிடம் சொல்லலாம் என்று அவளுக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது.

"என்னங்க, இவ்ளோ நேரம் ஐடில்ல விடாதீங்க. காத்து அழுத்தம் இல்லாதப்ப சீல் வழியா ஆயில் உள்ள கசியும். ஆயிலும் எச்சா ஊத்தறீங்க. அதுவும் அதே பக்கம்தான் போவும்."

பிரசன்னா சிரித்தான். கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. குழந்தை சொன்ன தப்பான விடைக்கு வாத்தியார் சிரிக்கிற மாதிரி சிரித்தான்.

"அது லாரி டர்போம்மா. இது வேற டெக்னாலஜி. எல்லாம் ஃபோரத்துல போட்டிருக்கறாங்க."

"லாரில இருந்தாலும் தண்டு ஆயில்லதாங்க மிதக்குது."

"உனக்கு அந்தக் காலத்து நெனப்பு. விடு."

அத்தோடு போயிருந்தால் ஹம்சாவும் மறந்திருப்பாள். அந்த மாதம் குழுவில் ஒருவனான உமேஷ் வீட்டில் விருந்து. பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். பேச்சு டர்போவுக்கு வந்தபோது பிரசன்னா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "எங்க ஊட்டுலயும் ஒரு எக்ஸ்பர்ட் இருக்கறாங்க. லாரி மெக்கானிக்கு. டர்போவை ஆறவிட வேண்டாமுன்னு நமக்கே கிளாஸ் எடுக்கறாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவர்களுடைய மனைவிகளும் சிரித்தார்கள். உமேஷின் மனைவி அஸ்வினி, "அய்யோ, நிஜமாவே கிரீஸெல்லாம் தொட்டிருக்கீங்களா" என்று ஹம்சாவின் விரல்களைப் பார்த்தாள். ஹம்சாவும் சிரித்தாள். தட்டில் இருந்த மிர்ச்சி கா சாலன் என்ற மிளகாய்க் குழம்பை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். வீட்டுக்குத் திரும்பி, டர்போ ஆறும் வரை உட்கார்ந்திருந்தாள். இனிமேல் இந்த மனுஷனிடம் இந்த இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று அங்கே முடிவு செய்தாள்.

அதிலிருந்து அவளுக்கு ஒரு வேடிக்கை கிடைத்தது. பார்த்துக்கொண்டிருக்கும் வேடிக்கை. பிரசன்னா ஞாயிற்றுக்கிழமைகளில் பானெட்டைத் திறந்துவைத்து, பழைய டூத்பிரஷ்ஷில் குழந்தை ஷாம்பூ தொட்டுப் பிளாஸ்டிக் மூடியைத் தேய்ப்பான். சொந்தப் பல்லை அவன் அவ்வளவு அக்கறையாகத் தேய்த்து அவள் பார்த்ததில்லை. ஒரு ஞாயிறு சாப்பிடக் கூப்பிடுவதற்காக அவள் கீழே போனாள். மூடிக்கு ஓரமாக, டர்போவிலிருந்து முன்பக்கத்துக்குப் போகும் தடித்த ரப்பர்க் குழாயைப் பார்த்தாள். அமுக்கிய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகிற குழாய் அது. இணைப்பில் ஈரம். தூசி ஒட்டிக் கறுப்பாகப் படிந்திருந்தது. அடியில் தரையிலும் ஒரு சொட்டு. விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். என்ஜின் ஆயில். உள்ளே இன்னும் எவ்வளவு தேங்கி நிற்கிறதோ.

பிரசன்னாவின் பிரஷ் அந்தக் குழாய்க்கு ஒரு சாண் தள்ளிப் போய்வந்துகொண்டிருந்தது.

"என்ன பாக்கற?" என்றான்.

"ஒண்ணுமில்ல. சாப்பிட வாங்க" என்றாள்.

மாடி ஏறும்போது அவளுக்கு மனம் லேசாக இருந்தது. என்றைக்காவது டர்போ போகும். பெரிய செலவு வைக்கும். சர்வீஸ் சென்டரில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் நினைத்தது. அதற்கு மேல் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டியவள், நினைக்கும் படிப்புப் படித்தவள். ஆனால் ஒருவனை மட்டமாகப் பார்த்துப் பழகிவிட்டால், அவனோடு ஒரே காரில் நாமும்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பதுகூட மறந்துபோகிறது.

கார் வந்த மூன்றாவது குளிர்காலத்தில் டெக்கான் டர்போ பாய்ஸ் குடும்பத்தோடு பீதர் கோட்டைக்குப் போவதாக முடிவு செய்தார்கள். பேத்தி அடம்பிடித்ததால் நாராயணசாமியும் கிளம்பினார். தொப்பி, மஃப்ளர், பிளாஸ்கில் டீ. மருமகனின் கார் அவருக்குப் பெருமை. பின்சீட்டில் சுபாஸ்ரீயோடு ஏறி உட்கார்ந்து, சீட் துணியைத் தடவிப் பார்த்தார்.

"ஏறி உக்காந்தாச்சுங்களா மாமா? கெளம்பலாமுங்களா?"

"ஹவ், ஹவ், ஆமா. கெளம்புங்க மாப்ள."

பின்கதவுகளில் குழந்தைப் பூட்டு போட்டிருந்தது. உள்ளிருந்து திறக்க முடியாது. பிரசன்னாவின் விதிகளில் அதுவும் ஒன்று, நியாயமானதும்கூட.

மியாப்பூரிலிருந்து பட்டான்செரு வரை வழக்கம்போல ஊர்ந்தார்கள். ஷிஃப்டுக்குப் போகும் ஆட்களை அடைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோக்கள் எல்லாப் பக்கமும் நுழைந்தன. பார்மா கம்பெனிகளின் நாற்றத்துக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். தொழிற்சாலைகள் முடிந்து சாலை திறந்ததும் குழுவின் மற்ற கார்கள் ஒவ்வொன்றாக இவர்களைத் தாண்டிப் போயின. உமேஷ் பக்கத்தில் வந்து, கண்ணாடியை இறக்கி, ஓடும் காரிலிருந்து கத்தினான்: "என்ன பாஸ், டர்போவ வீட்ல விட்டுட்டு வந்தீங்களா?"

பிரசன்னாவின் காது சிவந்தது. மூன்று வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்த விதிகளை அந்த ஒரு வார்த்தை கலைத்துவிட்டது. உமேஷ் வேகத்தைக் குறைத்துப் பின்னால் ஒதுங்கினான். முன்னால் சிமென்ட் லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. பிரசன்னா கியரைக் குறைத்து, ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்தினான். கார் வாங்கியதிலிருந்து அவன் அப்படி அழுத்தியதே இல்லை.

கார் பாய்ந்தது. அழகாகத்தான் பாய்ந்தது. லாரியைத் தாண்டும்போது சுபாஸ்ரீ கைதட்டினாள்.

தாண்டி முடித்துப் பிரசன்னா காலை எடுத்தான். முள் இறங்கவில்லை. ஏறியது.

ஹம்சா பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் சாலை இல்லை, லாரி இல்லை. நீலமும் வெள்ளையுமாகப் புகை மட்டும். அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்று வருடமாகக் கசிந்து இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலை, திடீரென்று வந்த காற்று அள்ளிக்கொண்டு போய் என்ஜினுக்குள் கொட்டுகிறது. டீசல் என்ஜினுக்கு அந்த ஆயிலும் எரிபொருள்தான். இனி டீசலை நிறுத்தினாலும் அது தன் ஆயிலையே குடித்துக்கொண்டு ஓடும். சனத்நகரில் ஒரு ஜெனரேட்டருக்கு அப்படி நடந்து அவள் பார்த்திருக்கிறாள். காற்று போகும் வாயைப் பலகையால் அடைத்து நிறுத்துவதற்குள் பட்டறையே வெளியே ஓடியது.

பிரசன்னா பயத்தில் கிளட்சை மிதித்தான். சுமை விலகியதும் என்ஜின் அலறியது. கார் வேகம் குறைந்து ஓரத்துக்குப் போனது. இடது பக்கம் இரும்புத் தடுப்போடு ஒட்டிக்கொண்டு நின்றது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியைத் திருப்பினான். அலறல் நிற்கவில்லை. சாவியை உருவியே எடுத்துவிட்டான். கையில் சாவி இருக்கிறது, என்ஜின் ஓடுகிறது. முள் சிவப்பைத் தாண்டி அதன் கடைசியில் போய் ஒட்டி நின்றது. காருக்குள் புகை வந்தது.

"கியர்ல போடுங்க" என்றாள் ஹம்சா. "பெரிய கியர். பிரேக்க அமுக்கிட்டு கிளட்ச விடுங்க. நின்னுடும்."

அவன் அவளைப் பார்த்தான். பார்த்தானா என்பதுகூடச் சந்தேகம். கதவைத் திறந்தான். இறங்கினான். ஓடினான். சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, வயல் பக்கமாக நன்றாகவே ஓடினான். அவ்வளவு வேகம் அவன் உடம்பில் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

"நைனா, சுபாவ மடியில இறுக்கிப் பிடிங்க" என்றாள் ஹம்சா. அவள் பக்கத்துக் கதவு தடுப்பில் மோதி ஒரு விரற்கடை மட்டுமே திறந்தது. கியர் கம்பியைத் தாண்டிப் புடவையோடு ஓட்டுநர் சீட்டுக்குத் தாவினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். கிளட்சை மிதித்து ஐந்தாவது கியருக்குத் தள்ளினாள், விழவில்லை. மறுபடி தள்ளினாள். ஏதோ ஒன்றில் விழுந்தது. வலது காலால் பிரேக்கை ஏறி நின்று மிதிப்பதுபோல மிதித்து, கிளட்சிலிருந்து இடது காலைச் சட்டென்று எடுத்தாள்.

கார் குதித்தது. உடம்பெல்லாம் உதறியது. பிறகு நின்றது. என்ஜினும் நின்றது.

அந்த அமைதியில் சுபாஸ்ரீயின் அழுகை கேட்டது. ஹம்சா இறங்கி வெளியிலிருந்து பின்கதவைத் திறந்து இருவரையும் இறக்கினாள். நாராயணசாமியின் மஃப்ளரில் டீ கொட்டியிருந்தது. உமேஷின் கார் பின்னால் நின்றிருந்தது. அவன் எல்லாவற்றையும் பார்த்தபடி, கிட்டே வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

பிரசன்னா வயலிலிருந்து திரும்பி வந்தான். வரும் வழியில் ஒரு பெரிய கல்லை எடுத்துக்கொண்டிருந்தான். "வீலுக்கு வைக்கலாமுன்னு கல்லு தேடிப் போனேன்" என்றான். யாரும் கேட்காமலே சொன்னான். பிறகு அந்தக் கல்லைச் சக்கரத்துக்கு வைத்தான். நின்றுவிட்ட காருக்கு.

ஹம்சா கல்லையும் அவனையும் பார்த்தாள். "நல்லதுங்க" என்றாள்.

பீதருக்குப் போகவில்லை. இழுவை வண்டியில் கார் சர்வீஸ் சென்டருக்குப் போனது. டர்போ மொத்தமாகப் போயிருந்தது, என்ஜின் தப்பித்திருந்தது. அன்று மாலை செகந்திராபாத் வீட்டில் மங்களம் பேத்தியிடம் என்ன நடந்தது என்று கேட்டாள். சுபாஸ்ரீக்குத் தமிழ் புரியும், பேசுவது தெலுங்கு. "டாடி பரிகெத்தாரு. மம்மி ஆப்பிந்தி" என்றாள். அப்பா ஓடினார், அம்மா நிறுத்தினாள். அந்த வயதில் குழந்தைகள் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறார்கள்.

"கல்லு எடுக்கப் போனேனுங்க அத்தை" என்றான் பிரசன்னா.

"ஆமாம்மா, கல்லு எடுக்கத்தான் போனாரு" என்றாள் ஹம்சா. அவனைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. அவனைப் பொய்யனாக நிரூபிக்கும் அளவுக்குக்கூட மெனக்கெட அவளுக்கு மனமில்லை.

பிரசன்னாவும் மங்களமும் உள்ளே போனதும் நாராயணசாமி மகளைப் பால்கனிக்குக் கூப்பிட்டார்.

"ஒண்ணு கேக்கறேன். அந்த வண்டி இப்படி ஆவும்னு உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"இப்படி ஆவும்னு தெரியாது நைனா. கெட்டுப்போவும்னு தெரியும். ஆயில் கசியறத பாத்தேன்."

"பின்ன கைக்கு சொல்லல? ஏன் சொல்லல?"

"சொன்னா கேக்கற ஆளா அவரு? ஒருவாட்டி சொன்னதுக்கே நாலு பேர் முன்னால சிரிச்சாரு."

நாராயணசாமி எதிர் வீட்டு மாடியில் காயும் துணிகளைப் பார்த்தபடி சொன்னார்: "அவரு கேக்கலன்னா அது அவரு புத்தி. பின்னால கொழந்த உக்காந்திருந்துச்சு. கதவு தொறக்கல. நான் தொறந்து தொறந்து பாத்தேன்மா."

பிரசன்னாவைப் பற்றி ஹம்சா வைத்திருந்த அபிப்பிராயத்தில் ஒரு துளி, அன்று முதல் அவள் மேலேயே விழுந்து ஒட்டிக்கொண்டது. கழுவ முயன்றாள். சுலபமாகப் போகவில்லை.

ஒரு வாரம் கழித்து டெக்கான் டர்போ பாய்ஸ் வெப்சைட்டில் பிரசன்னா நீளமாக ஒன்று எழுதினான். டீசல் என்ஜின் கட்டுமீறி ஓடினால் என்ன செய்ய வேண்டும் என்று, தன் அனுபவத்திலிருந்து. பதற்றப்படக் கூடாது, காரை ஓரமாக நிறுத்த வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஐந்தாவது கியரில் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட வேண்டும், குடும்பத்தைக் காப்பாற்ற அந்த நொடியில் தான் செய்தது அதுதான் என்று முடித்திருந்தான். கீழே வரிசையாகப் பாராட்டுகள். தலைவா என்று ஒருவன். உயிர் காக்கும் பதிவு என்று இன்னொருவன். உமேஷும் எழுதியிருந்தான்: நேரில் பார்த்தேன், மறக்க முடியாத நாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த வாக்கியத்தை அமைக்க அவன் எவ்வளவு நேரம் யோசித்திருப்பான்.

ஹம்சா அதை ஆபீஸில் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னாள்:

"நீங்க எழுதினத படிச்சேங்க. நல்லா எழுதியிருக்கீங்க. ஒரே ஒரு தப்பு. அஞ்சாவது கியர் விழல. நாலாவதுதான் விழுந்துச்சு. நிறுத்தினப்புறம் பாத்தேன்."

பிரசன்னா சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். முகத்தில் ஏதேதோ வந்து போயின. மன்னிப்பு கேட்பான் என்றோ, எழுந்து போய்விடுவான் என்றோ வேறு யாரையாவது பற்றி என்றால் எதிர்பார்க்கலாம்.

"அப்படியா?" என்றான்.

சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். மறுநாள் ஹம்சா பார்த்தபோது ஐந்தாவது என்பது நாலாவது என்று மாறியிருந்தது. விவரங்களில் துல்லியம் முக்கியம் என்று கீழே ஒரு குறிப்பும் சேர்த்திருந்தான்.

அன்று அவள் சிரித்தாள். தனியாக, சத்தம் வராமல், நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து சீட்டு வசந்தி என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள். பிறகு திரையில் இருந்த தன் வேலையைப் பார்த்தாள். பொத்தானை அழுத்தினால் திறந்தது. அழுத்தாவிட்டால் திறக்கவில்லை. இத்தனை வருடமாக எல்லாரையும் கேலியாகப் பார்த்துக்கொண்டு தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

உலகமெங்கும் வியாபாரம் படுத்து, மாதாப்பூர்க் கட்டடங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள எல்லாரும் மேனேஜர்கள் பின்னால் ஓடினார்கள். ஹம்சா ராஜினாமா செய்தாள். பட்டான்செரு பக்கம் கார்களுக்கு டர்போ உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில் சேர்ந்தாள். சம்பளம் குறைவு; பயணம் தூரம்; காலையில் கம்பெனி பஸ். பத்து வருட இடைவெளி என்று நேர்முகத்தில் தயங்கினார்கள். அவள் மேஜையில் கிடந்த தண்டு ஒன்றைக் கையில் எடுத்துச் சுண்டிச் சுழலவிட்டு, அது நிற்கும் விதத்தைப் பார்த்து, இது பழுது, தள்ளிவிட வேண்டும் என்றாள். ஏற்கெனவே தள்ளிவிட்டதுதான் என்றார்கள். வேலை கிடைத்தது. அங்கேயும் மட்டமான ஆட்கள் இருந்தார்கள். ஆனால் வேலை மட்டமில்லை.

மங்களம் ஒரு மாதம் பேசவில்லை. பிரசன்னா முதலில் வெட்கப்பட்டான். பிறகு அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "டர்போ லைன்ல இவங்களுக்கு இன்ட்ரஸ்ட் வந்ததே நம்ம கார் மூலமாத்தானுங்க" என்று சொல்லத் தொடங்கினான். ஹம்சா விருந்தாளிகளுக்குக் காபி கொடுத்தபடி தலையாட்டினாள்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் பழைய காரை விற்றுவிட்டு வேறொரு டர்போ டீசல் வாங்கினான். டெலிவரி எடுத்த அன்றே மறுபடியும் விதிகள், மறுபடியும் செல்லாரில் காத்திருப்பு. இந்தத் தடவை ஹம்சா கதவைத் திறந்துகொண்டு இறங்கி, அவன் பக்கத்து ஜன்னலில் வந்து நின்று, ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஊருக்குள் ஓட்டிவிட்டு வந்தால் ஆறவிட வேண்டியதில்லை. ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றக் கூடாது. அவ்வப்போது திறந்த சாலையில் கொஞ்சம் விரட்டி ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே கரி படியும். மெதுவாகவும் தெளிவாகவும், அவன் முகம் சுளித்தும் நிறுத்தாமல், கடைசிவரை சொன்னாள்.

"பாக்கலாம்" என்றான் பிரசன்னா. என்ஜினை நிறுத்தவில்லை.

ஹம்சா பின்கதவைத் திறந்து சுபாஸ்ரீயை இறக்கிக்கொண்டு லிஃப்டுக்குப் போனாள்.

முதல் சர்வீஸுக்குப் போய்விட்டு வந்த அன்று சாயங்காலம் அவன் உற்சாகமாக இருந்தான். ஷூவைக் கழற்றிக்கொண்டே சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னான்: "சர்வீஸ் சென்டர்ல ஒரு புது விஷயம் சொன்னாங்க. ஹைவேல கொஞ்சம் அழுத்தி ஓட்டோணுமாம். இல்லாட்டி உள்ள கரி புடிச்சுக்குமாம். ஐடில்லயும் ரொம்ப விடக் கூடாதாம். உனக்குத் தெரியாதில்ல?"

ஹம்சா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்ல வேளை சொன்னீங்க" என்றாள். "அப்ப ஞாயித்துக்கிழமை சாவியக் குடுங்க. நானும் சுபாவும் ஹைவேல ஜஹீராபாத் வரைக்கும் போயிட்டு வர்றோம்."

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு அது தன் யோசனைதான் என்று தோன்றியிருக்க வேண்டும், சாவியைக் கொடுத்தான்.